நேத்துதான்

ஆம்பூர் பைபாஸில் இறங்கியதும்
யூட்டா தண்ணீர் பாட்டில் கேட்டாள்.
வாங்கிக் கொடுத்து, பாலாற்றைக் காட்டினேன்.
"ஆறு எங்கே?" என்றாள்.
"அதுதான்" என்றேன். மணலைக் குறித்துக்கொண்டாள்.

எனக்கு நாள் கூலி நாலாயிரம்.
தமிழிலிருந்து ஜெர்மன், ஜெர்மனிலிருந்து தமிழ்.
மதியச் சாப்பாடு ஃபேக்டரியில்:
பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு.
சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் ஊரில் யாரோ கம்பெனிமேல் புகார் எழுதியிருந்தார்கள்:
பசை நெடி, பூட்டிய பின்கதவு, வராத ஓவர்டைம்.
உண்மையா என்று பார்க்கத்தான் வந்தோம்,
மூன்று வாரம் முன்பே தேதி சொல்லிவிட்டு.

அப்பர் தைக்கும் செக்‌ஷன், மூன்றாவது வரிசை.
அமுலு, மாதனூர் வேனில் வருகிறவள்.
முகத்தில் புது மாஸ்க், மடிப்புக் கலையாமல்.
சூப்பர்வைசர் முஷ்தாக் தூணைப் பார்த்தபடி நின்றார்.
தூணில் பார்க்க ஒன்றுமில்லை.

"மாஸ்க் தருகிறார்களா?"
"குடுத்தாங்க மேடம். நேத்துதான் குடுத்தாங்க."

நான் சொன்னேன்: மாஸ்க் தருகிறார்கள்.

மெஷின் சத்தம் என்று சொல்லலாம்.
முஷ்தாக்கின் தூண் என்று சொல்லலாம்.
பிரியாணி என்று நீங்கள் சொல்லலாம்.

நாலு மாதம் கழித்துக் கம்பெனியின் பதில் வந்தது.
நோட்டீஸ் போர்டில் ஒட்டத் தமிழில் வேண்டுமாம்,
பக்கத்துக்கு அறுநூறு.

"புகார்கள் ஆழ்ந்த அக்கறையுடன் பரிசீலிக்கப்பட்டன."
"சப்ளையருக்கு அறிவுறுத்தப்பட்டது."
"முகக்கவசம் வழங்கப்படுவது
தொழிலாளர் வாயாலேயே உறுதி செய்யப்பட்டது."

அந்த வாய் என்னுடையது.

மூன்று பக்கத்திலும் எழுவாயைத் தேடினேன்.
பட்டது, பட்டன, படும்.
வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. யாரால்?
திலகவதி டீச்சராயிருந்தால் வரிக்கு அரை மார்க் குறைத்திருப்பார்.

அமுலுவுக்கு போன் போட்டுப் படித்தேன்.
வேனுக்குள் இருந்தாள்.
"சரி மேடம். ஓவர்டைம் துட்டு எந்தத் தேதில வரும்,
பின்கதவு சாவி யாராண்ட கீது,
அதுல போட்டுகீதா?"
போடவில்லை.
"கையெழுத்து?"
கம்பெனி முத்திரை இருக்கிறது என்றேன்.
"அப்ப இது வந்து மேடம்..."
வேன் எதன்மேலோ ஏறி இறங்கியது.
மிச்சம் கேட்கவில்லை.
திரும்பக் கூப்பிட்டேன். சிக்னல் இல்லை.

ராத்திரி ஒன்றரைக்குத் தமிழாக்கம் முடிந்தது.
அடியில், மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று போட்டு,
இரண்டு மொழியிலும் எழுதினேன்:

ஆய்வு நாளில் ஒரு சொல்லை நான் விட்டுவிட்டேன்.
அமுலு சொன்னது: நேத்துதான்.
மாஸ்க் வந்தது நீங்கள் வருவதற்கு முந்தைய நாள்.
விட்டவள் பெயர் வத்சலா, குடியாத்தம்.
செல் நம்பர் கீழே.

அனுப்பும்போது பில்லையும் இணைத்தேன்.
மூன்று பக்கம், ஆயிரத்து எண்ணூறு.
குறிப்புக்குக் காசு போடவில்லை.