காந்தம் விழுகிற இடம்

கொழிஞ்சாம்பாறை தாண்டி
பழைய நெல் குடோன் ஒன்றில்
தார்ப்பாயை உருவினான் ஷிபின்.
கணவாய்வழி வந்த ஆடிக்காற்று
தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
சிவப்பு.
ஐம்பத்தெட்டில் செய்த எம்.ஜி.ஏ.
என் இடுப்புக்குச் சற்று மேலே முடிந்துவிடுகிற வண்டி.

இருபத்திரண்டு என்றார் மீரான் ராவுத்தர்,
லட்சம் என்ற சொல்லைச் செலவழிக்காமல்.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர்.
பத்தொன்பது வருஷமாய்
நசுங்கியவற்றுக்கு விலை எழுதுகிறேன்.
உக்கடத்தில் மடங்கிய லாரி,
வாளையாற்றில் யானை உட்கார்ந்துபோன மாருதி,
எல்லாம் என் கையெழுத்தின்மேல் ஒரு தொகை.
முழுசாய் நிற்கிற ஒன்றுக்கு
விலை சொல்லிப் பழக்கமில்லை.

கைப்பையிலிருந்து
ஃப்ரிட்ஜ் காந்தத்தை எடுத்தேன்.
பழனி முருகன், வேல் நுனி உடைந்தவர்.

பானெட்டில் வைத்தேன். வழுக்கி விழுந்தார்.
டிக்கியில். விழுந்தார்.
ஷிபின் முகம் வெளுத்தது:
"சேச்சி, பட்டி போட்டதல்ல, சத்தியம்."
தெரியும்.
இந்த வண்டிக்கு அங்கெல்லாம் அலுமினியம்.
விழுந்தால்தான் அசல்.

வலது கதவிலும் நல்லபடியாக விழுந்தார்.
இடது கதவில்
டக்கென்று ஒட்டிக்கொண்டார் முருகன்.

ராவுத்தர் தாடியைச் சொறிந்தார்.
நெல்லியாம்பதி எஸ்டேட் மேனேஜர் வைத்திருந்தபோது
தேயிலை லாரி உரசிப் பிய்த்துக்கொண்டு போனதாம்.
சித்தூரில் பீரோ செய்கிற ஒருவன்
வலதைப் பார்த்துப் பார்த்துத் தட்டிய இடதாம்.
"நீங்க சொல்லித்தான் எனக்கே..." என்று தொடங்கி
பொய்யை முடிக்காமல் விட்டுவிட்டார்.
அந்த இடத்தில் அவரை எனக்குப் பிடித்தது.

வெளியே கைப்பிடி கிடையாது.
உள்ளே கைவிட்டுக் கம்பியை இழுத்தேன்.
வலது, சோப்பு டப்பாபோல மூடியது.
இடது, பேங்க் லாக்கர்போல.

பிறகு எஞ்சின்.
டார்ச்சடித்து, கிரீஸ் துடைத்து,
நம்பரைப் படித்தால்
அம்பாசிடர்.

"பங்காளிதான்" என்றார்,
"ஒரே வயித்துப் பிள்ளைங்க."
சிசி என்னவோ ஒன்றுதான்.
ஆர்.சி.யிலும் எழுபத்தொன்பதிலேயே ஏற்றியிருந்தார்கள்.
ஆனாலும் சேகரிப்பவன் எவனாவது பார்த்தால்
ஆறு லட்சத்தை அங்கேயே துடைத்துப் போடுவான்.
கதவுக்கு இன்னும் ஒன்றரை.

நான் சேகரிப்பவள் இல்லை.
வால்பாறை ஏறப்போகிறேன்.
இருபத்தாறாவது வளைவில் ஹெட் கேஸ்கட் போனால்
லண்டனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு
உட்கார்ந்திருக்க முடியாது.
அம்பாசிடருக்கென்றால்
உக்கடத்தில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறான்.
ஆகவே எதற்குக் குறைத்தேனோ
அதற்கே மனசுக்குள் கூட்டினேன்.
வாயில் வந்தது மட்டும் கழித்தல்.

பதின்மூன்று என்றேன்.
அவர் சீட்டில் விழுந்திருந்த உமியை
ஒவ்வொன்றாய் ஊதிவிட்டு
பதினைந்தரை என்றார்.
தார்ப்பாய்மேல் வெயில் ஏறி இறங்கியது.
பதினாலே காலில் இருவருமே களைத்தோம்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டில்
ஒரு போலீஸ்காரர் குனிந்து
கைப்பிடியைத் தேடினார்.
இந்தப் பக்கம். சுற்றிவந்து அந்தப் பக்கம்.
நான் சொல்லவில்லை.

இனி பாலிசி எடுக்கவேண்டும்.
என் வண்டிக்கு நானே விலை எழுதக்கூடாது.
உடுமலையிலிருந்து கனகசபாபதி வருவார்.
அவரும் ஒரு காந்தம் வைத்திருக்கிறார்.
பானெட்டில் வைப்பார், விழும்,
பட்டி என்று எழுதுவார்.
இடது கதவில் ஒட்டும்,
அசல் என்று ஒரு டிக் போடுவார்.

டீக்குச் சர்க்கரை போதுமா
என்று கேட்பேன்.