தாளக்காரன்

மூழ்காமல் இருப்பதுதான் என் வேலை.
இரண்டு கிண்ணிகள், ஒரு கயிறு,
மூன்றும் நாலுமாய் ஏழு எண்ணிக்கை.
பகலில் சங்கானைச் சந்தையில் வெங்காயம் நிறுக்கிறேன்.
முள் எங்கே நிற்குமென்று தெரிந்த கை
என்றுதான் குகபாலன் அண்ணை என்னைக் கூட்டி வந்தார்.

மேற்கு வீதியில் சப்பறம் தரித்துவிட்டது.
இரவு இரண்டு மணி.
கச்சான்காரி சட்டியை இறக்கி வைத்துவிட்டு
நாடியில் கை ஊன்றியிருக்கிறாள்.

கேதீசர் கரகரப்பிரியாவை ஏற்றிக்கொண்டுபோய்
ஒரு சுரத்தில் விட்டார்.
முடியவேண்டிய இடத்தில் அந்த மூச்சு முடியவில்லை.
கழுத்தில் நரம்பு, கன்னத்தில் காற்று,
கண் மட்டும்
தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை
எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது.
பின்னேரம் வானுக்குள்
சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டேனா இல்லையா என்று
நாலு தரம் கேட்டவர் இவர்தான்.

பிறகு தவில் இரண்டும்.
அண்ணையின் தோளில் வார் அறுத்த பழைய தழும்பு,
அதன்மேல் இன்றைய சிவப்பு.
பதில் சொல்ல நின்ற இளவல் சயந்தன்
உதட்டைக் கடித்தபடி
அவருடைய கையைப் பார்க்கவில்லை,
வயிற்றைப் பார்த்தான்.
அடி அங்கிருந்துதான் புறப்படுகிறதாம்.

நடுவிரல் கூடு தெறித்து
என் காலடியில் விழுந்தது.
நான் கண்டேன். அவர் காணவில்லை.
வெறும் விரல் தோலில் விழும் சத்தம் வேறு,
கொஞ்சம் ஈரமானது.

அப்போது ஜெனரேட்டர் நின்றது.

வீதி முழுக்க இருட்டு.
ஆரோ ஒரு பிள்ளை வீரிட்டு அழ,
ஆரோ "டோர்ச், டோர்ச்" என்று கத்த,
இருட்டுக்குள் தவில் இரண்டும்
வேகம் குறையாமல் போய்க்கொண்டிருந்தன.
நான் எண்ணிக்கையைத் தேடினேன்.
ஐந்தா, ஆறா?
எத்தனையாவது சுற்று?
கையில் கிண்ணி இருக்கிறதா என்பதே தெரியவில்லை.
உள்ளங்கால் மட்டும் தெரிந்தது,
மணல் அதிர்ந்துகொண்டிருந்தது.

தீர்மானம் மூன்றாம் முறை வந்து
எல்லாரும் ஓரிடத்தில் விழுந்தோம்.
என் கிண்ணியும் அங்கே இருந்தது.
நான் கொண்டுபோகவில்லை.

வெளிச்சம் வந்ததும்
அண்ணை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதென்னடாப்பா, எங்க வெட்டினது?"
வலந்தலையில் நாலைந்து சிவப்புப் பொட்டுகள்.
கூட்டை எடுத்து நீட்டினேன்.
"தாளம் நல்லாப் பிடிச்சாய்" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

விடிய, சந்தையில்
ஒரு கிலோ கேட்ட மனிசிக்கு
ஒன்றரைக் கிலோ போயிருக்கிறது.
முதலாளி ஏசினார்.
முள்ளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.