மூலை

நாலரைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்
சைக்கிளில் போய் முடிந்த பிறகு
சமாதானபுரத்தில் எங்கள் தெரு ஒருமாதிரி ஓய்ந்துவிடும்.
அப்போதுதான் தொடங்குவாள்.

"வீட்டுக்குப் போணும்."

இதுதான் வீடு, கிருபா.
முதல் வருஷம் முழுக்க இதைத்தான் சொன்னேன்.
பட்டா இருக்கிறது, தீர்வை ரசீது இருக்கிறது,
இந்தச் சுவரை நீ நின்று பூசவைத்தாய் என்று
தாசில்தார் முன் நிற்பவன்போல் எடுத்து வைத்தேன்.
ஒவ்வொரு அத்தாட்சிக்கும் ஓர் அடி விழுந்தது.

முப்பத்தொரு வருஷம் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
நரம்பு தேடிப் பழகிய கை.
குறி தப்பாது.
என் மூக்குக்கண்ணாடி இரண்டு முறை உடைந்தது.
மூன்றாம் முறை வண்ணார்பேட்டைக் கடைக்காரர்
ஒன்றும் கேட்காமல்
வளையாத பிரேம் ஒன்றை எடுத்து வைத்தார்.

"யாருல நீ? என் சேலையத் தொடுத?"
பிறகு வரும் ஏச்சுகளை
கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதில்லை.
எங்கே வைத்திருந்தாளோ.
பக்கத்து வீட்டு ஆத்தியப்பன் டிவியைக் கூட்டி வைப்பார்,
எங்கள் மானத்துக்காக.

ஒருநாள் நானும்.
சொல்லிவிடுகிறேன்.
மாசி மாதம், குளியலறை வாசல்.
அவள் சொம்பை ஓங்கினாள்,
நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.
பிடித்தேன் என்பது சரியான சொல் இல்லை.
மறுநாள் நாலு விரல் நீலமாய்த் தெரிந்தது.
மகள் தோகாவிலிருந்து வீடியோவில் வந்தபோது
அம்மாவுக்கு முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.
"அங்க அவ்வளவு குளிராப்பா?" என்றாள்.
பாளையங்கோட்டையில்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவன் நான்.
அடித்த கம்பியை யாரும் திருப்பி அடிப்பதில்லை.
புதுசாய் வரும் பையன்களுக்கு
எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

பங்குனியில் முழங்கை தொட்டு மணிக்கட்டுவரை
நகத்தால் கீறிவிட்டாள்.
அடுப்படிக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தேன்.
பின்னால் வந்து நின்றாள். வேறு நடை.
"இப்படியா கழுவுதீய? உக்காருங்க."
பஞ்சு கேட்டாள். டெட்டால் கேட்டாள்.
காயத்தின் உள்ளிருந்து வெளியே, வெளியே,
அவள் துடைத்ததில் ஒரு பிசகில்லை.
"என்னது இது?"
பூனை, சிஸ்டர். பிராண்டிட்டு.
"வீட்டுப் பூனையா?"
ஆமா. ரொம்ப வருஷமா இருக்கு.
"ஊசி ஒண்ணு போட்டுக்கிடுங்க.
பூனையக் குத்தம் சொல்லாதீய.
மூலையில வச்சு விரட்டியிருப்பீய.
போறதுக்கு வழி இல்லன்னா அது என்ன செய்யும்?"

கையில் ஊதினாள்.
நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அன்றைய வசனம் என்னவென்று ஞாபகமில்லை.

அன்று ராத்திரியே
குளியலறைக் கொண்டியைக் கழற்றினேன்.
வழியை அடைத்த பீரோவைத் தள்ளி வைத்தேன்.
நிலைக்கண்ணாடி மேல் துண்டைப் போட்டேன்,
உள்ளே எவளோ நின்று முறைக்கிறாளாம்.
இப்போது நேருக்கு நேர் நிற்பதில்லை.
பக்கவாட்டில், முக்காலியில்,
அவள் கண்ணுக்குக் கீழே உட்கார்கிறேன்.
வெந்நீர் ஆறினால் ஆறட்டும்.
குளிக்காத நாள் குளிக்காத நாள்தான்.

வீட்டுக்குப் போணும் என்றால்
போவோம் என்கிறேன்.
செருப்பை மாட்டி, கதவைச் சாத்தி,
முருகன்குறிச்சித் திருப்பம்வரை.
ஒரு டீ, ஆளுக்குப் பாதி வடை.
திரும்பும்போது பெரும்பாலும்
இந்த வீட்டையே அந்த வீடென்று ஒத்துக்கொள்கிறாள்.

பெரும்பாலும்.

நேற்று விழுந்தது, இடது காதோரம்.
வளையாத பிரேம் வளைந்தது.
எழுந்து முன்வாசலுக்குப் போய்
பழைய மீட்டர் பெட்டியில் சக்கரம் ஓடுவதை
இருபது சுற்று எண்ணிவிட்டு வந்தேன்.
கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து
விரிப்பின் மூலையை
ஆஸ்பத்திரி மடிப்பாய் மடித்துக்கொண்டிருந்தாள்.
கொஞ்ச நேரம் தள்ளியே நின்றேன்.
பிறகு எதிர் மூலையைப் பிடித்தேன்.

"இழுத்துப் பிடிங்க," என்றாள்.
"சுருக்கம் விழுந்தா
படுத்திருக்கிறவுகளுக்கு முதுகு புண்ணாயிரும்."