வரி 900

நாற்பத்தோரு வரிதான் அந்த நிரல்.
பனியில் வழுக்கிக் கணுக்கால் பிசகி
வீட்டில் கிடந்த வாரத்தில் எழுதியது.
கயானி, 1989. சமையலறை மேசை,
கடித்து வைத்த கம்பு ரொட்டி, காலடியில் நாய்.
பெயர்கூட வைக்கவில்லை.
ஏரி ஆய்வு நிலையத்தில் அதை
"ராய்லியின் சாமான்" என்றார்கள்.

வேலை இவ்வளவுதான்.
வட்டை நுழைத்து ஒரு விசையைத் தட்டினால்
உள்ளிருக்கும் கோப்புகளைப் படித்து,
எண் கொடுத்து, பட்டியலில் சேர்த்து,
ஒன்பது ஊசி அச்சுப்பொறியில்
தகரத்தைக் கொத்தும் மரங்கொத்தியாய்
ஒரு சீட்டு அடித்துத் தரும்.
கூடவே ஒரு வெற்றுச் சீட்டையும்
வீணாகத் தள்ளிவிடும். அது ஏன் என்று
கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் எழுத்தில் இரண்டு உயிர்கள்
தலையில் இரு புள்ளி வைத்தவை.
அச்சுப்பொறிக்கு அவற்றைத் தெரியாது.
ஒன்றுக்குப் பதில் கோடு போடும்,
மற்றதற்கு நெளிந்த அடைப்புக்குறி.
பனிக்கட்டி என்று அடித்தால்
ஓர் எழுத்தும்
திறந்த அடைப்புகள் இரண்டும் வரும்.
பழகிக்கொண்டோம்.
அங்கே எல்லாமே பனிக்கட்டிதானே:
எந்த விரிகுடா, எந்தத் தேதி, எத்தனை சென்டிமீட்டர்.

முந்நூற்றுப் பன்னிரண்டு வட்டுகள்.
தௌனோ நுழைப்பார், நான் ஒட்டுவேன்.
பதினேழு சீட்டுகளில் ஒரே சொல் வந்தது:
காலி.
எங்கள் மொழியில் அந்தச் சொல்லும்
புள்ளி வைத்த எழுத்தில்தான் முடிகிறது.
ஆகவே சொல்லின் வாலில்
ஓர் அடைப்பு திறந்து நின்றது,
மூடும் குறி இல்லாமல்.
பார்த்துச் சிரித்தோம்.

காலி வட்டைப் பூட்டி வைப்பானேன்?
தௌனோவின் தங்கை மகன் யர்மோ
பதினேழையும் பையில் போட்டுக்கொண்டு போனான்.
ஓரத்தில் காகிதத் துளைப்பானால் பள்ளம் வெட்டி
மறுபக்கத்திலும் எழுதத் தெரிந்த பையன்.

மே கடைசியில் ஹில்க்கா வந்து கேட்டாள்,
எண்பத்தேழின் குளிர்காலம் எங்கே என்று.
பட்டியலில் எண்பத்தாறு இருந்தது.
எண்பத்தெட்டு இருந்தது.
நடுவில் பல் விழுந்த இடம்.

அன்றிரவு நிரலைத் தாளில் அடித்துப் படித்தேன்.
"பிழை எதுவானாலும் 900க்குப் போ" என்று
மேலே எங்கோ நானே சொல்லியிருக்கிறேன்.
போனால் அங்கே ஒரே கட்டளை:
காலி என்று அச்சிடு.

இயக்கியின் கதவு சாத்தாமல் இருந்தாலும் காலி.
வட்டைத் தலைகீழாய் நுழைத்தாலும் காலி.
பழைய இயக்கி எழுதிய தடத்தைப் புதியது
ஒரு மயிரிழை தள்ளித் தேடினாலும்
காலி.
வெளியே போகவேண்டும் என்று
நாய் முனகிக்கொண்டிருந்தபோது எழுதிய வரி.
அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

யர்மோவைத் தொலைபேசியில் பிடித்தேன்.
பதினாறில் விளையாட்டு ஏற்றியாயிற்றாம்.
கார்ப் பந்தயம், ஏதோ முயல் குதிப்பது.
"ஒண்ணு மட்டும் ஃபார்மட்டே ஆகல,
தூக்கிப் போட்டுடட்டுமா?"
வேண்டாம் என்று சொல்லிவிட்டு
செருப்பு மாற்றாமல் பஸ் ஏறினேன்.

கிடங்கிலிருந்த பழைய இயக்கியைத்
தூசு தட்டி எடுத்து வந்தார் தௌனோ.
அது இருமியது, பின்வாங்கியது,
மறுபடி இருமியது. பிறகு
டிசம்பர் மூன்று, பதினொன்று.
டிசம்பர் பத்து, பத்தொன்பது.
ஹில்க்கா திரையை நம்பாமல்
வருவதை வருவதைப் பென்சிலால் பிடித்துக்கொண்டாள்.
ஜனவரி பதினான்கு, நாற்பத்திரண்டு.
அதோடு சரி.

900ஐத் திருத்தினேன்.
இப்போது அது "படிக்க முடியவில்லை" என்கிறது,
ஒரு வெற்றுச் சீட்டையும் தள்ளுகிறது.
அந்த வட்டின் பழைய சீட்டை மட்டும் உரிக்கவில்லை.
திறந்த அடைப்புக்குப் பின்னால்
மைப்பஞ்சுப் பேனாவால், அழுத்தாமல்,
"ஜனவரி 14 வரை" என்று எழுதி
அடைப்பை மூடினேன்.

பிப்ரவரிக்கு எங்கே போவது என்றார் தௌனோ.
சன்னலுக்கு அப்பால் ஏரி
கரையைச் சின்னச் சின்னதாய் அறைந்துகொண்டிருந்தது.