முப்பதாம் நாள்

கிரிம்ஸ்பி. கார் நிறுத்துமிடத்தில்
யாரோ எறிந்த சிப்ஸுக்குக் கடற்காகங்கள் அடித்துக்கொள்ளும் விடிகாலை.
படிவம் நிரப்புகிறேன்:
வந்த நேரம், ஸ்கேன் எடுத்த நேரம்,
முதல் ஆன்டிபயாட்டிக் ஏறிய நேரம்,
கத்தி வைத்த நேரம்.

ஒரே வாரத்தில் இரண்டு வயிறுகள்.
இரண்டிலும் குடலில் ஓட்டை.

லயனல் ஹார்கிரேவ், ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
செவ்வாய் காலை பத்தேகாலுக்கு வந்தார்.
கூட வந்த மகளுக்குச் சொற்கள் தெரிந்திருந்தன.
"அப்பாவின் வயிறு பலகைபோல் இறுகிவிட்டது" என்றார்.
பலகை என்றதும் ஓடினோம்.
மூன்று மணி நாற்பது நிமிடம்.

எட்னா ஸ்கெல்டன், எழுபத்தெட்டு.
துறைமுகத்துக் கொட்டகையில் முப்பது வருஷம் மீன் அரிந்தவள்,
இடக்கைச் சுட்டுவிரலுக்கு நுனி கிடையாது.
சனிக்கிழமை இரவு பஸ்ஸில் வந்தாள்.
"எனக்கொண்ணுமில்ல கண்ணு,
என்னைவிட முடியாதவங்க இருப்பாங்க, அவங்களைப் பாரு" என்றாள்.
பார்த்தோம்.
அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு
அவர்களைப் பார்த்தோம்.
வலி பத்துக்கு எத்தனை?
"நாலு."
நாலு என்று எழுதியது இந்தக் கைதான்.
அது அவளுடைய நாலு என்று
கேட்கத் தோன்றவில்லை, எனக்கு அன்று நாலு வசதியாக இருந்தது.
பதினோரு மணி நேரம்.

டாக்டர் நுவோசு அவள் வயிற்றைத் திறந்து
வெதுவெதுப்பான உப்புநீர் ஊற்றி ஊற்றிக் கழுவினார்.
லிட்டர் கணக்காக.
யாரையும் அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இனி கடைசிக் கட்டம்: முப்பதாம் நாள்,
உயிருடன் உண்டா இல்லையா.

லயனல் ஒன்பதாம் நாள் இறந்துபோனார். இதயம்.
மகள் நன்றி அட்டை அனுப்பியிருக்கிறார்.
எட்னா பிழைத்துக்கொண்டாள்.
வயிற்றோரம் ஒட்டிய பைக்கு
பழைய ஃபோர்மேனின் பெயரை வைத்திருக்கிறாள்,
"அந்தாளும் இப்படித்தான், நேரங்காலம் பார்க்கமாட்டான்."

ஆக, வரைபடம் எங்களை மன்னித்துவிடும்.
ஓடியும் ஒருவர் போனார்,
உட்காரவைத்தும் ஒருத்தி இருக்கிறாள்.
பிழைத்தவளுக்குப் பட்ட கடனை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதோ, இங்கேயும் பாருங்கள்.
பல் மருத்துவருக்கு 'ர்' போட்டேன்,
அவர் மகளுக்கும் போட்டேன்.
மீன் அரிந்தவளுக்கு 'ள்'.
யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகப் போட்டது.

அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்:
எட்னா ஸ்கெல்டன் பஸ்ஸில் வந்தார்.
நாலு என்றார்.
காத்திருந்தார்.