முப்பத்தொன்பது

வேனின் பின்கதவைத் திறந்தால்
இரண்டாகக் கழன்ற தொட்டி,
சுருட்டிய குழாய், ஒரு வலை, வெப்பமானி,
துண்டுகள்.
அகிதாவில் ஜனவரி. முழங்கால்வரை பனி.
மூவரும் காலணி கழற்றும் சத்தம் கேட்டதும்
படுத்தபடியே குராமோச்சி கேட்கிறார்:
"இன்று எத்தனை?"

பதில் அவருக்குத் தெரியும்.
செவிலி நத்சுயோ முதலில் கையைப் பிடிப்பாள்.
பட்டை இறுகும், தளரும்.
நூற்று முப்பத்திரண்டு, எழுபத்தெட்டு.
சரி, இன்று குளியல் உண்டு.

குளிக்கும் குளிருக்கும் நடுவே
ஓர் ஒற்றெழுத்துதான்.
இந்த வீட்டில் அந்த ஒற்று
ஹீட்டர் இல்லாத உடைமாற்றும் அறை,
நாலே எட்டு.
மூன்று வருடம் முன்பு
மீன் லாரியை நிறுத்திவிட்டு வந்தவர்
அங்கே நின்று சட்டையைக் கழற்றினார்.
தோலோரத்து ரத்தமெல்லாம் உள்ளே ஓடி ஒளிந்தது,
அழுத்தம் விறுவிறுவென ஏறியது.
பிறகு நாற்பத்து மூன்று டிகிரி,
கழுத்துவரை.
ஒளிந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வர,
கயிறறுந்த வாளியாய் இறங்கியது அழுத்தம்.
எழ நினைத்தபோது
இடக்கால் வேறு யாருடையதோ.

இப்போது தொட்டி அவரைத் தேடி வருகிறது.
வலையில் ஏந்தி இறக்குகிறார்கள்,
மார்புக்குக் கீழே நீர், பத்து நிமிடம்.
முதுகின் அடியில் நாணய அளவு சிவப்பு.
நத்சுயோ விரலால் அழுத்துகிறாள்.
வெளுக்கிறது. அப்பாடா.
அக்குளுக்கும் மடிப்புகளுக்கும் சோப்பு,
மற்றதுக்குத் தண்ணீரே போதும்.

"குளியலா இது? ஆறிப்போன சூப்.
ஒரு டிகிரி. ஒன்றே ஒன்று.
யாரிடமும் சொல்லமாட்டேன்."
சமையலறையிலிருந்து ஹத்சுஎ:
"வேகத்துக்கும் இப்படித்தான் பேரம் பேசுவார்,
போலீஸ்காரரிடம்!"

அப்போது அந்த இடக்கை,
மடியில் கல்லாய்க் கிடப்பது,
தண்ணீருக்குள் மெல்லக் கிளம்பி
மேலே வந்து மிதந்தது.
அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அதன்பின் டிகிரியைப் பற்றிப் பேசவில்லை.

ஏழாவது வீடு முடிய இருட்டிவிட்டது.
கையுறை கழற்றினால் நத்சுயோவின் விரல்கணுக்கள்
மீன் செவுளாய் வெடித்திருக்கின்றன.
வெதுவெதுப்பு, ஐந்து நிமிடம்,
ஈரம் காயுமுன் களிம்பு:
மருத்துவர் எழுதிய சீட்டு குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது.
அவள் வீட்டு உடைமாற்றும் அறையிலும் ஹீட்டர் இல்லை.
பல் கிட்ட நின்று
குமிழைத் திருப்புகிறாள். நாற்பத்திரண்டு.
அரிக்கும் தோலுக்குச் சூடு எப்படி இனிக்கிறது!
இன்று எத்தனை என்று
கேட்க ஆளில்லை.
களிம்பு வேனிலேயே கிடக்கிறது.