பதினாலு தசம் ஏழு

கொட்பேயிலிருந்து மீன் ஏற்றும் என் வானுக்கு
ஒரு மூக்கு வேணும் என்றான் இஸ்ஸதீன்.
புகைக்குழாயில் துளை போட்டு
நட்டு ஒன்றை வைத்து ஒட்டி
பெருவிரல் பருமனில் ஒரு சென்சரை முறுக்கினான்.
அதன் வயர் ஆசனத்துக்கு அடியால் ஊர்ந்து வந்து
என் முழங்காலுக்குப் பக்கத்தில்
பச்சை எண்ணாய் முளைத்தது.

"பழைய சென்சர் ஓம், இல்லை,
ரெண்டு சொல்லுத்தான் பேசும்.
இது எவ்வளவு எண்டு சொல்லும்."

ஓம், இல்லை என்று மட்டும் பேசிய ஒருவரோடு
பதினொரு வருசம் குடித்தனம் செய்தவள் நான்.
எண்ணைப் பார்த்த உடனே பிடித்துப்போனது.

பெற்றோல் ஒரு பங்கு, காற்று பதினாலு தசம் ஏழு.
எரிந்த பிறகு இரண்டிலும் மிச்சம் இராது.
பாரத்தோடு ஏற்றம் ஏற பன்னிரண்டரை வேணும்,
வெறும் பெட்டிகளோடு திரும்பிவர
பதினைந்தரை போதும்.
கியூஆர் காட்டி, வரிசையில் நித்திரை கொண்டு,
அளந்து அளந்து பெற்றோல் வாங்கிய மாதங்களில்
எத்தனை லீற்றர் கறுப்புப் புகையாய்ப் போயிருக்கும்!
கணக்குப் பார்க்கத் தொடங்கி
நெஞ்சு எரிந்து நிறுத்திவிட்டேன்.

இரவு பத்தரை. நிலாவெளி வீதி வெறிச்சோடிக் கிடக்க
நான் ஓட்டினேன். அவன் மடியில் லப்டொப்.
"மூன்றாம் கியர். அமத்துங்கோ. விடாதீங்கோ. விடாதீங்கோ."
ஓட்டத்தில் எல்லாம் ஒழுங்கு.
நிறுத்தி, எஞ்சின் சும்மா முனகும்போதுதான்
எண் பதினேழுக்குப் போய்க் குந்திக்கொண்டது.
பெற்றோலைக் கூட்டினான். பதினேழு.
இன்னும் கூட்டினான். பதினாறு தசம் எட்டு.
கண் எரிந்தது. பிளக்கைக் கழற்றினால்
சட்டி அடிபோலக் கரி.

மீற்றர் பசி என்கிறது.
பிளக் வயிறு முட்டிவிட்டது என்கிறது.

"இதுக்கு வெறுங்காத்து எது எண்டு காட்டவேணும்."
உப்புவெளிக் கடற்கரையில் சென்சரைக் கழற்றி
வயரோடு உயர்த்திப் பிடித்தான்.
உள்ளே எழுநூறு பாகை தணல்;
ஒரு துளி கடல் தெறித்தால் வெடித்துப்போகுமாம்.
மீன்பெட்டியின் ரெஜிபோம் மூடியால்
நான் கடலை மறைத்து நின்றேன்.
இந்த ஊரில் பிறந்து
கடலுக்கு முதுகு காட்டி
காற்றை மட்டும் உள்ளே விட்ட
முதல் ஐந்து நிமிசம்.
அவனும் நானும் மூச்சைச் சிறிசாக விட்டோம்,
எங்கள் மூச்சையும் அது எண்ணிவிடும் என்றதுபோல.

மீண்டும் பூட்டினோம்.
பதினேழு.

காலையில் புகைக்குழாயின் வாயை ஈரச்சாக்கால் அடைத்து
சவர்க்கார நுரையைத் தடவிக்கொண்டே போனான்.
மூட்டுகளில் ஒன்றுமில்லை. வளைவில் ஒன்றுமில்லை.
சென்சருக்கு முன்னால்,
நட்டு ஒட்டிய இடத்தில்,
கடுகு அளவில் ஒரு குமிழ்.
உடைந்தது. இன்னொன்று வந்தது.

புகை தள்ளித் தள்ளிப் போகும் இடைவெளியில்
குழாய் அந்தத் துளையால் ஒரு மிடறு
வெளிக்காற்றை உறிஞ்சியிருக்கிறது.
சென்சர் தன்னிடம் வந்ததைச் சொல்லியிருக்கிறது.
அவன் கூட்டிய பெற்றோல் எல்லாம்
அந்தக் கடுகுக்குக் கொட்டிய பெற்றோல்.

சாட்டுச் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து
வெகுநேரம் பார்த்தான்.
"என்ட ஒட்டு" என்றான்.
பில்லில் ஒட்டுக்கூலியை வெட்டினான்.
நான் அரைவாசிப் பாரை மீன் கொடுத்தேன்.
தலைப்பக்கம்தான் வேணும் என்றான்.

நேற்றிரவு கந்தளாய் தாண்டி
ஒற்றை யானை வீதியின் நடுவே.
விளக்கை அணைத்தேன், எஞ்சினை அணைக்கவில்லை.
அது கடக்க எடுத்த நேரம் முழுக்க
பதினாலு தசம் ஆறு, எட்டு, ஆறு, எட்டு.
ஏழில் ஒருக்காலும் நிற்பதில்லை,
இரண்டு பக்கமும் போய்ப் போய்த் தொட்டு வருகிறது.
பின்னால் ஐஸ் உருகிச் சொட்டும் சத்தம்.
யானை போய்விட்டது என்று நினைக்கிறேன்.
இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தேன்.